ஆசிரியர்களுக்குக் கற்றுத்தரும் கல்வி ஆலோசகர்: அவருடைய வேலை உண்மையில் எங்கே நடக்கிறது?

ஆசிரியர்களை ஒரு கூடத்தில் உட்கார வைத்து, வெளியிலிருந்து வந்த ஒருவர் காலை முதல் மாலை வரை பேசுவார். கடைசியில் எல்லோருக்கும் ஒரு சான்றிதழ். ‘ஆசிரியர் பயிற்சி’ என்றதும் பலர் மனத்தில் வருவது இந்தக் காட்சிதான். அப்படி வந்து பேசுபவரைக் கல்வி ஆலோசகர் என்கிறோம். ஆனால் அந்த ஒரு நாள் பேச்சு அவருடைய வேலையில் மிகச் சிறிய பகுதி. அதோடு நின்றுவிட்டால் அவர் வந்துபோனதற்கான தடயம்கூட வகுப்பறையில் இருக்காது. மீதி வேலை என்ன, அது ஏன் அவசியம் என்பதை இந்தத் துறைக்குப் புதியவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

யார் இவர்?

கல்வி ஆலோசகர்களில் கணிசமானோர் ஒரு காலத்தில் வகுப்பெடுத்தவர்கள். தொடக்க வகுப்பில் வாசிக்கக் கற்றுத்தருவது, கணக்கு, செய்முறை அறிவியல் என்று ஏதாவது ஒன்றில் ஆழமாக இறங்கியிருப்பார்கள். வேறு சிலருக்குத் தேர்வும் மதிப்பீடும், அல்லது சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளுக்குக் கற்பிப்பது தனித்துறையாக இருக்கும். தனியாக ஒப்பந்த முறையில் வேலை செய்பவர்கள் உண்டு, நிறுவனங்களின் சார்பில் வருபவர்கள் உண்டு. பாடநூல் பதிப்பகமோ மென்பொருள் நிறுவனமோ அனுப்பிவைப்பவர்களும் உண்டு. கடைசியாகச் சொன்னவர்கள் ஒரு பொருளைப் பயன்படுத்தக் கற்றுத்தர வருகிறவர்கள். அதில் தவறில்லை. ஆனால் ஒரு கருவியை எப்படி இயக்குவது என்று தெரிந்துகொள்வது ஒன்று, கற்பிக்கும் முறையை மேம்படுத்திக்கொள்வது வேறொன்று. பள்ளி இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஆலோசகரை ஆய்வாளரோடு குழப்பிக்கொள்வதும் அடிக்கடி நடக்கிறது. ஆய்வாளர் பார்ப்பார், மதிப்பிடுவார், மேலிடத்துக்கு அறிக்கை தருவார். தலைமையாசிரியருக்கு நிர்வாகப் பொறுப்பும் அதிகாரமும் இருக்கிறது. கல்வியியல் கல்லூரிப் பேராசிரியர், பணிக்கு வரும் முன் கற்றுத்தருகிறார். ஆலோசகரோ ஏற்கெனவே வேலையில் இருக்கும் ஆசிரியரோடு, அவருடைய வகுப்பையும் அவருடைய மாணவர்களையும் வைத்தே வேலை செய்கிறார். அவர் கையில் அதிகாரம் கிடையாது. ‘இப்படித்தான் செய்ய வேண்டும்’ என்று அவரால் உத்தரவிட முடியாது. ஆசிரியர் அவரை நம்பினால் வேலை நடக்கும், நம்பாவிட்டால் நடக்காது. இந்தத் தொழிலின் கஷ்டமும் அழகும் அதில்தான் இருக்கிறது.

பட்டம் பெற்று, பயிற்சி முடித்து வந்தவருக்கு இன்னும் என்ன பயிற்சி?

நியாயமான கேள்வி. இதற்கு இரண்டு பதில்கள் உண்டு.

முதல் பதிலை அமெரிக்கச் சமூகவியலாளர் டேன் லார்ட்டி 1975இல் சொன்னார். பள்ளிப் படிப்பை முடிக்கும்போது ஒருவர் ஏறத்தாழ 13,000 மணி நேரம் ஆசிரியர்களை நேரில் பார்த்திருப்பார் என்பது அவருடைய கணக்கு. வேறெந்தத் தொழிலுக்கும் இப்படி ஒரு முன்னனுபவம் கிடையாது. ஆனால் அது முன்வரிசையில் உட்கார்ந்து நாடகம் பார்த்தவரின் அனுபவம். ஆசிரியர் அந்தக் கேள்வியை ஏன் அந்த இடத்தில் கேட்டார், எந்த எடுத்துக்காட்டை யோசித்து ஒதுக்கினார், முந்தைய நாள் விடைத்தாளில் என்ன பார்த்துவிட்டு வந்தார் என்பதெல்லாம் மாணவருக்குத் தெரியாது. அதனால் நாம் ஆசிரியரானதும், நம்மை அறியாமலே நமக்குக் கற்பித்தவர்களைப் போலக் கற்பிக்கத் தொடங்குகிறோம். இந்தப் பழக்கம் ஒன்றிரண்டு ஆண்டுப் பயிற்சியில் கரைந்துவிடாது.

இரண்டாவது பதில் இன்னும் முக்கியமானது. பாடம் தெரிவதும் கற்பிக்கும் உத்திகள் தெரிவதும் போதும் என்று நெடுங்காலம் நினைத்தார்கள். 1986இல் லீ ஷுல்மன் என்ற கல்வியாளர், இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு அறிவு இருக்கிறது என்று காட்டினார். இந்தக் குறிப்பிட்ட பாடத்தில் மாணவர்கள் எங்கே தடுக்கி விழுவார்கள், ஏன் விழுவார்கள், எந்த விளக்கம் அவர்களைத் தூக்கிவிடும் என்கிற அறிவு அது. பாடத்தில் பெரும் புலமை உள்ளவரிடமும் இது இல்லாமல் போகலாம்.

ஓர் எடுத்துக்காட்டு. 0.35, 0.4 இவற்றில் எது பெரியது என்று கேட்டால் நிறையக் குழந்தைகள் 0.35 என்பார்கள். 35 என்பது 4ஐவிடப் பெரிதல்லவா? நாம் உடனே, ‘0.4ஐ 0.40 என்று எழுது, இப்போது பார்’ என்கிறோம். விடை திருந்திவிடுகிறது. ஆனால் புள்ளிக்குப் பின்னால் இருப்பது ஒரு முழு எண் என்ற எண்ணம் அந்தக் குழந்தையிடம் அப்படியே இருக்கிறது.

இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. அதே கேள்விக்கு 0.4 என்று சரியாகச் சொல்லும் இன்னொரு குழந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். ‘நூறில் ஒரு பங்கு பத்தில் ஒரு பங்கைவிடச் சின்னது, அதனால் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் இருந்தால் அது சின்ன எண்தான்’ என்று அது நினைத்திருக்கலாம். விடை சரி, காரணம் தவறு. ஆசிரியர் சரி போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். 0.45, 0.3 இரண்டையும் கொடுத்துக் கேட்டால்தான் குட்டு வெளிப்படும். அந்தக் குழந்தை 0.3 பெரியது என்று சொல்லும். எந்த எண்களைக் கொடுத்துக் கேட்பது என்கிற சின்னத் தேர்வில் இவ்வளவு இருக்கிறது. இதைத் தனியாக உட்கார்ந்து கண்டுபிடிக்க ஓர் ஆசிரியருக்கு ஆண்டுகள் ஆகலாம். விவரம் தெரிந்த ஒருவர் அருகில் இருந்து காட்டினால் ஒரு மாலைப்பொழுது போதும். நல்ல ஆலோசகர் கொண்டுவருவது இப்படிப்பட்ட விஷயங்களைத்தான்.

முதலில் அவர் செய்வது கேட்பதும் பார்ப்பதும்

பள்ளி ஒரு தேவையைச் சொல்லி அழைக்கும். ‘எங்கள் பிள்ளைகளுக்கு வாக்கியக் கணக்கு வரவில்லை. அதற்குப் பயிற்சி வேண்டும்.’ அனுபவமில்லாதவர் உடனே வாக்கியக் கணக்குக்கு ஒரு தொகுப்பு தயாரித்துக்கொண்டு வந்துவிடுவார். தேர்ந்தவர் முதலில் மாணவர்களின் நோட்டுகளைக் கேட்பார், சில வகுப்புகளில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பார், ஆசிரியர்களிடம் பேசுவார்.

நோட்டில் இப்படி ஒரு கணக்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: ‘மாலாவிடம் 12 பென்சில்கள் உள்ளன. இது கவினிடம் இருப்பதைவிட 5 அதிகம். கவினிடம் எத்தனை பென்சில்கள்?’ வகுப்பில் பாதிப் பேர் 17 என்று எழுதியிருக்கிறார்கள். கூட்டலில் பிழை இல்லை. ‘அதிகம்’ என்ற சொல்லைப் பார்த்ததும் கூட்டிவிட்டார்கள். சுவரைப் பார்த்தால், ‘மொத்தம், அதிகம் என்றால் கூட்டு, மீதி, குறைவு என்றால் கழி’ என்று அழகான எழுத்தில் ஓர் அட்டை தொங்குகிறது. நல்ல எண்ணத்தோடு செய்ததுதான். ஆனால் அந்த அட்டை, கணக்கை வாசிக்காமலே விடை காணக் குழந்தைகளைப் பழக்கியிருக்கிறது. பள்ளி கேட்டது கணக்குப் பயிற்சி. தேவைப்படுவதோ கணக்கை ஒரு சிறு கதையாக வாசித்து, படம் வரைந்து, யாரிடம் எது கூட இருக்கிறது என்று வாயால் சொல்லவைக்கும் பழக்கம்.

இந்த நோய்நாடும் கட்டத்துக்குச் சம்பளம் தர நிறையப் பள்ளிகள் தயங்குகின்றன. ‘வந்து பயிற்சி கொடுங்கள், பார்ப்பதற்கெல்லாம் எதற்கு நாள்?’ என்கிறார்கள். என் கருத்தில், பணத்தை மிச்சப்படுத்தக் கூடாத இடம் இதுதான்.

பயிலரங்கு எப்படி இருக்க வேண்டும்?

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆசிரியர்கள் உட்கார்ந்து கேட்பது குறைவாகவும் செய்து பார்ப்பது அதிகமாகவும் இருக்க வேண்டும். மாணவர்கள் எழுதிய உண்மையான விடைகளை மேசையில் பரப்பி, ‘இந்தக் குழந்தை என்ன நினைத்து இதை எழுதியிருக்கும்?’ என்று பேசுவது ஒரு மணி நேரச் சொற்பொழிவைவிட மேல். ஆலோசகர் தாமே ஒரு பாடப்பகுதியை நடத்திக் காட்ட வேண்டும். பிறகு ஆசிரியர்கள் இரண்டிரண்டு பேராக அதைச் சக ஆசிரியர் முன்னால் ஒத்திகை பார்க்க வேண்டும். முதலில் கூச்சமாக இருக்கும். ஆனால் 30 பிள்ளைகளுக்கு முன்னால் முதல்முறை தடுமாறுவதைவிட, நண்பர் முன்னால் தடுமாறுவது நல்லது. பயிலரங்கு முடியும்போது ஒவ்வொருவர் கையிலும் அடுத்த வாரப் பாடக்குறிப்பில் சேர்க்கக்கூடிய ஒரே ஒரு மாற்றம் இருந்தால் அந்த நாள் வீண்போகவில்லை.

வகுப்பறைக்குள் நடக்கும் துணைப்பயிற்சி

பயிலரங்குக்குப் பிறகுதான் முக்கால்வாசி வேலை. ஆலோசகர் வகுப்புக்கு வருகிறார். பாடத்துக்கு முன் ஆசிரியரோடு பத்து நிமிடம் பேசுகிறார், வகுப்பைப் பார்க்கிறார், பிறகு மீண்டும் உட்கார்ந்து பேசுகிறார். சில வாரம் கழித்து மறுபடியும் வருகிறார். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரே ஒரு இலக்கு. ஒரே வகுப்பில் எட்டுக் குறைகள் தெரிந்தாலும் எட்டையும் சொல்லக் கூடாது. எட்டையும் சொன்னால் ஒன்றுகூட மாறாது.

இலக்கு எவ்வளவு சிறியதாக இருக்கலாம் என்பதற்குக் காத்திருக்கும் நேரம் நல்ல எடுத்துக்காட்டு. அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்த மேரி பட் ரோ, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு, பதில் வராவிட்டால் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று 1974இல் எழுதினார். ஒரு நொடிக்குள் மறுபடி கேட்டுவிடுகிறார்கள், அல்லது வேறு மாணவரிடம் போய்விடுகிறார்கள், அல்லது தாங்களே பதில் சொல்லிவிடுகிறார்கள். அந்த நேரத்தை மூன்று நொடிக்கு நீட்டியபோது பதில்கள் நீளமாயின. ‘தெரியாது’ என்பதும் மௌனமும் குறைந்தன. வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசத் தொடங்கினார்கள். மாணவர் பதில் சொல்லி முடித்த பிறகும் மூன்று நொடி பொறுத்தால், அவரே தொடர்ந்து காரணம் சொல்வதும் நடந்தது.

மூன்று நொடி எல்லோராலும் முடியும் என்று தோன்றும். வகுப்பில் நின்று முயன்று பாருங்கள், அந்த அமைதி மிக நீளமாக இருக்கும். கை தூக்கியவரை அழைத்துவிடலாம் என்று மனம் பரபரக்கும். இந்த இடத்தில்தான் வெளியிலிருந்து பார்க்கும் ஒரு கண் உதவுகிறது. தான் எவ்வளவு நேரம் காத்திருக்கிறோம் என்பது பேசிக்கொண்டிருப்பவருக்குத் தெரியாது, பார்ப்பவருக்குத் தெரியும்.

வகுப்புக்குப் பின் நடக்கும் பேச்சு தனிக் கலை. ‘நன்றாக இருந்தது டீச்சர்’ என்பது அன்பான சொல், ஆனால் அதை வைத்து எதுவும் செய்ய முடியாது. ‘பிள்ளைகளை இன்னும் ஈடுபடுத்துங்கள்’ என்பதும் அப்படித்தான். எப்படி என்று அதில் இல்லை. பயனுள்ள பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும்:

‘நீங்கள் கேட்ட கேள்விகளைக் குறித்து வைத்திருக்கிறேன் டீச்சர். எந்தக் கேள்விக்கு யார் பதில் சொன்னார்கள் என்பதும் இதில் இருக்கிறது. பார்க்கிறீர்களா?’

‘எல்லாமே முன்பெஞ்சுப் பிள்ளைகளா இருக்கே... ஜன்னல் ஓரத்தில் யாரையுமே நான் கேட்கலையா?’

‘ஒரு முறை கேட்டீர்கள். அந்தப் பெண் யோசிக்கும்போதே பக்கத்துப் பையன் சொல்லிவிட்டான்.’

‘அவளுக்கு நிஜமாகவே தெரியும் சார். மெதுவாத்தான் சொல்லுவா.’

‘அப்படியானால் அவளுக்கு அந்த நேரம் கிடைக்க என்ன செய்யலாம்?’

இதில் ஆலோசகர் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. பார்த்ததைக் காட்டினார், ஒரு கேள்வி கேட்டார். முடிவை எடுத்தவர் ஆசிரியர். கேள்வி கேட்டதும் யாரும் வாய் திறக்காமல் முதலில் நோட்டில் எழுத வேண்டும் என்று அவர் தீர்மானிக்கலாம், அல்லது கை தூக்குவதை நிறுத்திவிட்டுத் தாமே பெயர் சொல்லி அழைக்கலாம். எதைத் தேர்ந்தாலும் அது அவருடைய முடிவாக இருப்பதால், அடுத்த வாரமும் அதைச் செய்வார்.

நம்பிக்கை முதலில் வருமா, மாற்றம் முதலில் வருமா?

பெரும்பாலான பயிற்சிகள் முதலில் ஆசிரியரின் மனத்தை மாற்றப் பார்க்கின்றன. உணர்ச்சிகரமான பேச்சு, காணொளி, உறுதிமொழி. மனம் மாறினால் செயல் மாறும், செயல் மாறினால் மாணவர் தேறுவார் என்ற கணக்கு. கல்வி ஆய்வாளர் தாமஸ் கஸ்கி 1986இல் இந்த வரிசையையே திருப்பிப் போட்டார். ஆசிரியர் முதலில் ஒரு புதிய முறையைச் செய்துபார்க்கிறார், தம் மாணவர்களிடம் மாற்றத்தைக் கண்ணால் பார்க்கிறார், அதன் பிறகுதான் அவருடைய நம்பிக்கை மாறுகிறது என்றார்.

வகுப்பறையோடு பழகியவர்களுக்கு இது உடனே புரியும். பல ஆண்டு அனுபவமுள்ள ஆசிரியர், ‘இதெல்லாம் என் பிள்ளைகளிடம் நடக்காது’ என்கிறார் என்றால் அது பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அதற்கு முன் வந்துபோன எத்தனையோ திட்டங்கள் அவருக்குக் கற்றுக்கொடுத்த எச்சரிக்கை அது. அவரோடு வாதம் செய்து பயனில்லை. ‘இரண்டு வாரம், ஒரே ஒரு வகுப்பில் செய்துபார்ப்போம். பலிக்காவிட்டால் விட்டுவிடலாம்’ என்று கேட்பதுதான் வழி. எப்போதும் தலைகுனிந்திருக்கும் ஒரு பையன் எழுந்து காரணத்தோடு பதில் சொல்லும்போது, ஆலோசகர் சொல்லவேண்டியது எதுவும் மிச்சமிருக்காது.

ஒரு நாள் பயிற்சி ஏன் போதாது?

ஆசிரியர் பயிற்சியை ஆராய்ந்த புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் இருவரும் 1980களில் இதைத் தெளிவாக எடுத்துவைத்தார்கள். கோட்பாட்டை விளக்குவது, செய்து காட்டுவது, செய்யவைப்பது, பின்னூட்டம் தருவது என்று படிப்படியாகச் சேர்த்தால் ஆசிரியர் ஒரு திறமையைக் கற்றுக்கொள்வார். ஆனால் கற்றதைத் தம் வகுப்பில் வழக்கமாகப் பயன்படுத்துவது, வகுப்பறைக்குள் யாராவது துணைநிற்கும்போதுதான் பெரிய அளவில் நடக்கிறது என்பது அவர்கள் கண்டது. பயிலரங்கில் புரிந்தது வேறு, திங்கட்கிழமை இரண்டாம் பாடவேளையில் கைக்கு வருவது வேறு.

பின்னால் வந்த ஆய்வுகளும் இதே திசையில் நிற்கின்றன. 2007இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, ஆசிரியர் பயிற்சி பற்றிய 1,300க்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சலித்துப் பார்த்தது. கடுமையான தரத்துக்குத் தேறியவை 9 மட்டுமே. இந்தத் துறையில் நல்ல சான்று எவ்வளவு அரிது என்பதை அந்த எண்ணே சொல்கிறது. அவற்றில் 14 மணி நேரத்துக்கு மேல் நீடித்த பயிற்சிகள் மாணவர் கற்றலில் தெளிவான பயனைக் காட்டின, அதைவிடக் குறைந்தவை காட்டவில்லை.

2018இல் மேத்யூ கிராஃப்டும் அவருடைய சகாக்களும் துணைப்பயிற்சி பற்றிய 60 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். கற்பித்தலின் தரம் சராசரியாக 0.49 திட்டவிலக்கமும், மாணவர் தேர்ச்சி 0.18 திட்டவிலக்கமும் உயர்ந்திருந்தன. திட்டவிலக்கம் என்பது மதிப்பெண்கள் எவ்வளவு பரவிக் கிடக்கின்றன என்பதைக் குறிக்கும் அளவு. மாணவர் பக்கம் 0.18 என்பது பார்க்கச் சிறிதாகத் தெரிந்தாலும் கல்வி முயற்சிகளில் அது மதிக்கத்தக்க முன்னேற்றம். ஆனால் அதே ஆய்வில் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. நூறு ஆசிரியர்களுக்கு மேல் விரிந்த பெரிய திட்டங்களில் பயன் வெகுவாகக் குறைந்துவிட்டது. ஒருவருக்கொருவர் உட்கார்ந்து செய்யும் வேலையை மொத்தமாகப் பெருக்கும்போது அதன் சாரம் நீர்த்துப்போகிறது. ஆலோசனை நிறுவனம் எதுவாக இருந்தாலும், ‘ஒரே நேரத்தில் ஆயிரம் பள்ளிகள்’ என்று சொன்னால் நான் முதலில் கேட்பது ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை ஆசிரியர்கள் என்பதைத்தான்.

இங்கே ஒரு தவறான முடிவுக்கும் வந்துவிடக் கூடாது. மணிக்கணக்கைக் கூட்டினால் தரம் தானாக வந்துவிடாது. ஆசிரியர் ஆண்டுக்கு இத்தனை மணி நேரம் பயிற்சி பெற வேண்டும் என்று பல நாடுகள் வகுத்திருக்கின்றன. சிங்கப்பூரில் ஆசிரியருக்கு ஆண்டுக்கு 100 மணி நேரம் வரை பயிற்சி பெற உரிமை உண்டு. இந்தியாவின் 2020 தேசியக் கல்விக் கொள்கை குறைந்தது 50 மணி நேரம் என்கிறது. நேரம் ஒதுக்குவது தேவைதான். ஆனால் தொடர்பில்லாத பத்துத் தலைப்புகளில் ஐந்து ஐந்து மணி நேரம் உட்கார்ந்தால் அதுவும் ஐம்பதுதான். பாடத்தோடு ஒட்டிய ஒரே தலைப்பை எடுத்துக்கொண்டு, அதே பள்ளியின் ஆசிரியர்கள் சேர்ந்து, செய்து பார்த்து, திரும்ப வந்து பேசி, மறுபடி செய்து பார்த்தால்தான் அந்த நேரத்துக்கு அர்த்தம் வருகிறது.

ஜப்பானியர் காட்டும் இன்னொரு வழி

ஜப்பானில் ‘ஜுக்யோ கென்க்யூ’ என்று ஒரு முறை நெடுங்காலமாக இருக்கிறது. பாட ஆய்வு என்று தமிழில் சொல்லலாம். சில ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தை வாரக்கணக்கில் திட்டமிடுகிறார்கள். மாணவர் என்ன விடை தருவார், எங்கே சிக்குவார் என்று முன்கூட்டியே எழுதுகிறார்கள். ஒருவர் வகுப்பெடுக்க, மற்றவர்கள் வகுப்பில் நின்று கவனிக்கிறார்கள். அவர்கள் பார்வை மாணவர் மேல், ஆசிரியர் மேல் அல்ல. பிறகு உட்கார்ந்து அந்தப் பாடத்தைத் திருத்துகிறார்கள். ஜேம்ஸ் ஸ்டிக்லரும் ஜேம்ஸ் ஹீபர்ட்டும் 1999இல் இதைப் பற்றி விரிவாக எழுதிய பிறகு பல நாடுகளில் இது பரவியது.

இந்த முறையில் வெளியிலிருந்து அழைக்கப்படும் அறிஞர் பெரும்பாலும் கடைசியில்தான் பேசுவார். ஆசிரியர்கள் தாங்கள் கண்டதை எல்லாம் பேசி முடித்த பிறகு, அவர்கள் பார்க்காமல் விட்ட ஒன்றிரண்டை எடுத்துக்காட்டுவார். முதல் நாளே மேடையேறி எல்லாவற்றையும் சொல்லிவிடும் ஆலோசகர்கள் இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

பார்த்தது யாரிடம் போகும்?

ஆசிரியர் மனத்தில் எப்போதும் இருக்கும், ஆனால் வாய்விட்டுக் கேட்காத கேள்வி இது. ‘இவர் என் வகுப்பில் பார்த்ததைத் தலைமையாசிரியரிடம் சொல்வாரா?’ இதற்குத் தெளிவான பதில் முதல் நாளே கிடைக்காவிட்டால், ஆலோசகர் வரும் நாளில் ஏற்கெனவே ஒருமுறை நடத்திமுடித்த, பிசிறில்லாத பாடம்தான் மேடையேறும். சிக்கலான பாடத்தைப் பார்க்கவே முடியாது, உதவவும் முடியாது.

எனவே உதவியும் மதிப்பீடும் பிரிந்திருக்க வேண்டும். பள்ளி அளவில் எந்தத் தலைப்பில் வேலை நடக்கிறது, எத்தனை ஆசிரியர்கள் பங்கெடுக்கிறார்கள், பொதுவாக என்ன முன்னேற்றம் என்பதை நிர்வாகத்துக்குச் சொல்லலாம். தனி ஆசிரியரின் வகுப்பில் கண்டது அவருக்கும் ஆலோசகருக்கும் இடையில் இருக்க வேண்டும். சம்பள உயர்வையோ பணி நீட்டிப்பையோ அதோடு முடிச்சுப் போடக் கூடாது. குழந்தையின் பாதுகாப்புக்கு ஆபத்து என்றால் மட்டும் விதிவிலக்கு. அப்போது மூடிமறைப்பதற்கு இடமில்லை. இதை வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் வைத்து, மூன்று தரப்பும் படித்துவிட வேண்டும்.

பயன் இருந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பயிலரங்கு முடிவில் ஒரு தாள் தருவார்கள்: பேச்சாளர் எப்படி, இடவசதி எப்படி, மதிப்பெண் போடுங்கள். அதில் எல்லோரும் ‘மிக நன்று’ போட்டுவிட்டால் வெற்றி என்று அறிக்கை எழுதிவிடுகிறார்கள். கஸ்கி 2000ஆம் ஆண்டில் ஐந்து படிகளை வகுத்துக் கொடுத்தார். பங்கேற்றவர்களுக்குப் பிடித்ததா என்பது அவற்றில் முதல் படி மட்டுமே. அவர்கள் எதையாவது கற்றார்களா என்பது இரண்டாவது. பள்ளி அதற்கு இடம் கொடுத்ததா என்பது மூன்றாவது. கற்றதை வகுப்பில் பயன்படுத்துகிறார்களா, மாணவர்களிடம் அது தெரிகிறதா என்பவை நான்காவதும் ஐந்தாவதும்.

மூன்றாவது படியைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆசிரியருக்கு எல்லாம் புரிந்திருக்கும், ஆசையும் இருக்கும். ஆனால் கால அட்டவணையில் இடமிருக்காது, பாடத்திட்டத்தை முடிக்கும் அவசரம் துரத்தும், புதிய முறையில் வகுப்பு கொஞ்சம் சத்தமானால் வராந்தாவிலிருந்து கண்டிப்பு வரும். அந்தப் பள்ளியில் ஆசிரியரைத் திருத்தப் பார்ப்பது நியாயமில்லை. ஆலோசகர் அங்கே பேச வேண்டியது நிர்வாகத்திடம். ஐந்தாவது படிக்கு ஆண்டுத் தேர்வு வரை காத்திருக்கவும் வேண்டாம். பென்சில் கணக்குக்கு 17 என்று எழுதியவர்கள் இரண்டு மாதம் கழித்து அதே மாதிரிக் கணக்குக்கு என்ன எழுதுகிறார்கள் என்று நோட்டைப் புரட்டினாலே நிறையத் தெரிந்துவிடும்.

கவனம் தேவைப்படும் சில சரக்குகள்

ஆசிரியர் பயிற்சிகளில் இன்றும் உலவும் சில கருத்துகளுக்கு ஆதாரம் கிடையாது. ‘பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் என்று மாணவர்களைப் பிரித்து அவரவர் பாணியில் கற்பியுங்கள்’ என்பது அவற்றில் ஒன்று. 2008இல் ஹெரால்ட் பாஷ்லரும் மூன்று உளவியலாளர்களும் இதை ஆராய்ந்து, அப்படிப் பிரித்துக் கற்பிப்பதற்குப் போதிய சான்று இல்லை என்றார்கள். பாடத்தின் தன்மைக்கேற்பப் படமும் பேச்சும் செய்முறையும் எல்லாக் குழந்தைகளுக்கும் தேவை. ஒரு குழந்தைக்கு ‘நீ கேட்டுக் கற்பவன்’ என்று முத்திரை குத்துவது அதற்குச் செய்யும் அநீதி.

‘படிப்பதில் 10 சதவீதம், கேட்பதில் 20 சதவீதம் நினைவிருக்கும்’ என்று ஏறிக்கொண்டே போகும் கூம்புப் படமும் அப்படித்தான். கல்வியாளர் எட்கர் டேல் 1946இல் வரைந்த அனுபவக் கூம்பில் சதவீதங்களே இல்லை. அவற்றைப் பின்னால் வேறு யாரோ ஒட்டிவிட்டார்கள். ஒரு ஆலோசகர் தரும் பயிற்சிக் குறிப்பின் முதல் பக்கத்தில் இந்தப் படம் இருந்தால், மற்ற பக்கங்களின் ஆதாரத்தையும் கேட்டுவிடுங்கள்.

அழைப்பதற்கு முன்

பள்ளி நிர்வாகத்தில் இருப்பவர்கள் ஒப்பந்தம் போடும் முன் ஆலோசகரிடம் சில விஷயங்களைப் பேசிவிட வேண்டும். பயிலரங்குக்குப் பிறகு எத்தனை முறை வகுப்புக்கு வருவார்? எங்கள் மாணவர்களின் நோட்டைப் பார்க்காமலே திட்டம் தருகிறாரா? எங்கள் வகுப்பில் தாமே ஒரு பாடம் எடுத்துக் காட்டத் தயாரா? கடைசிக் கேள்விக்குத் தயங்காமல் ‘சரி’ என்பவரை நான் உடனே மதிப்பேன். தமக்கு அறிமுகமில்லாத பிள்ளைகள் முன்னால் நின்று, பாதியில் பாடம் சறுக்கினாலும் அதை ஆசிரியர்களோடு சேர்ந்து பிரித்துப் பார்க்கத் துணிந்தவர், அவர்களிடமும் அந்தத் துணிச்சலைக் கேட்கும் உரிமை பெறுகிறார்.

இன்னொன்றையும் கேளுங்கள்: ‘நீங்கள் போன பிறகு இதை யார் தொடர்வார்கள்?’ நல்ல பதில் என்றால் அதில் உங்கள் ஆசிரியர்களில் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். முதல் ஆண்டில் அவர்கள் ஆலோசகரோடு சேர்ந்து சக ஆசிரியர்களின் வகுப்புகளைப் பார்ப்பார்கள். இரண்டாம் ஆண்டில் வகுப்புக்குப் பிந்தைய பேச்சை அவர்கள் நடத்த, ஆலோசகர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார். மூன்றாம் ஆண்டில் அவர் எப்போதாவது வந்தால் போதும். அதற்கு வாரத்தில் ஒரு பாடவேளையையாவது அந்த ஆசிரியர்களுக்குக் கால அட்டவணையிலேயே விடுவித்துத் தர வேண்டியது பள்ளியின் பொறுப்பு. அந்தப் பாடவேளையைத் தர முடியாது என்றால், ஆலோசகரை அழைப்பதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கலாம்.